ரவுட்டர் வாங்கப் போகுமுன்...

குவைத்தில் இருக்கும் வாப்பாவுடன் உம்மா கதைப்பது எப்போதும் எங்கள் வீட்டு முன் ஹோலில்தான். வாப்பா வேலை முடிந்து அறைக்கு வரும்போது அங்கே இரவு 8.30 மணி, இங்கே 11 மணி. அந்த நேரம் நாநா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார். நான் புத்தகங்களோடு இருப்பேன். எங்கள் நடுவில் நின்றுகொண்டுதான் உம்மா கதைக்க வேண்டும். பின்பக்கத்திலுள்ள தனது அறைக்குப் போனால் திரையில் வாப்பாவின் முகம் அசையாமல் நின்றுவிடும்.

"இது பழைய ரவுட்டர். ஆறு அன்டெனா உள்ளதாக ஒன்று வாங்கினால் சரி" என்றார் நாநா. நான் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படிப்பதால் தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. அப்போது அறிந்துகொண்டவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

குறை எங்கே இருக்கிறது?

இணைய வேகம் இரண்டு இடங்களில் குறையலாம். ஒன்று, வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பு. மற்றையது, ரவுட்டரிலிருந்து எமது கைத்தொலைபேசி வரை காற்றில் வரும் வைபை. மடிக்கணினியைக் கேபிள் மூலம் நேராக ரவுட்டரில் இணைத்துப் பார்த்தேன். செக்கனுக்கு 20 மெகாபிட் அளவில் கிடைத்தது. உம்மாவின் அறையில் வைபை மூலம் பார்த்தபோது 1 மெகாபிட் கூட இல்லை. முழு எச்.டி. படத்துக்கு 5 மெகாபிட் போதும் என்று நெட்பிளிக்ஸ் நிறுவனமே கூறுகிறது. ஆகவே எங்கள் இணைப்பில் குறையில்லை. இடையிலுள்ள இரண்டு தடித்த சுவர்கள்தான் காரணம்.

கேபிளில் பார்த்தபோதும் வேகம் குறைவாக இருந்தால், புதிய ரவுட்டர் வாங்கிப் பயனில்லை. எவ்வளவு விலை கொடுத்தாலும் வெளியிலிருந்து வரும் வேகத்தை அது கூட்டாது.

எவற்றைப் பார்த்து வாங்குவது?

முதலில், உங்கள் இணைப்பு எந்த வகை என்று அறியுங்கள். ஃபைபர், தொலைபேசிக் கம்பி, சிம் அட்டை ஆகிய மூன்றுக்கும் ஒரே ரவுட்டர் பொருந்தாது.

இரண்டாவது, 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளும் உள்ளதாக இருக்க வேண்டும். 2.4 சுவரைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு; அயல் வீட்டு வைபைகளோடும் நெரிசல்படும். 5 வேகமானது, ஆனால் சுவரைக் கடக்கும்போது விரைவில் பலமிழக்கும். தொலைக்காட்சி ரவுட்டருக்கு அருகில் இருந்தால் அதற்கு 5 நல்லது.

மூன்றாவது, கேபிள் பொருத்தும் துளைகளின் வேகம். சில மலிவான ரவுட்டர்களில் அது செக்கனுக்கு 100 மெகாபிட் மட்டுமே. தாத்தாவின் திருமண வீடியோ 4 கிகாபைட். அதை ஒரு கணினியிலிருந்து மற்றதற்கு அனுப்ப 100 மெகாபிட் துளையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுக்கும். கிகாபிட் துளையில், கணினிகளும் ஈடுகொடுத்தால், அரை நிமிடமளவில் முடியும்.

நான்காவது, யூ.எஸ்.பி. துளை. அதில் ஒரு ஹார்ட் டிஸ்கைப் பொருத்தி, கோப்புப் பகிரும் வசதியைச் செயற்படுத்தினால், வீட்டிலுள்ள எல்லோரும் அதிலிருந்து படமோ பாடக் குறிப்போ எடுக்கலாம். இதற்கு இணையம் தேவையில்லை, டேட்டாவும் குறையாது. அதே வீடியோவை இணையத்தில் ஏற்றி மீண்டும் இறக்கினால் 4 கிகாபைட் இரண்டு முறை செலவாகும்.

மின்வெட்டின்போதும் வகுப்பு தொடர வேண்டுமென்றால், ரவுட்டரின் அடாப்டரில் 9 வோல்ட் அல்லது 12 வோல்ட் எது எழுதப்பட்டுள்ளது என்று பார்த்து, அதற்கேற்ற மினி யூ.பி.எஸ். ஒன்றும் வாங்கலாம். வாங்கியதும் பழைய கடவுச்சொல்லை மாற்ற மறக்க வேண்டாம்.

எங்கே வைப்பது?

ஆறு அன்டெனா வாங்கி அதே முன் மூலையில் வைத்திருந்தால், சுவர் இரண்டும் அப்படியேதான் இருந்திருக்கும். நிறுவனம் பொருத்திய பெட்டி முன் சுவரிலேயே இருக்க, அதிலிருந்து 15 மீற்றர் கேபிள் இழுத்து, நடு விறாந்தையில் அலுமாரிக்கு மேல் புதிய ரவுட்டரை வைத்தோம். அதற்கு நான்கு அன்டெனாதான். நாநாவுக்கு முதலில் திருப்தியில்லை. பிறகு அவரே கேபிளைச் சுவரோரமாக ஆணியடித்துத் தந்தார்.

பெற்றோர்களே, சகோதரிகளே, கடைக்குப் போகுமுன் ஒரு கேபிளை எடுத்து வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். உங்களுக்குத் தேவை புதிய ரவுட்டரா, வேறு இடமா என்பது அப்போதே விளங்கிவிடும்.

அன்றிரவு 11 மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. உம்மா வழக்கம்போல் ஹோலுக்கு வந்தார். "அறையிலிருந்தே கதைங்க உம்மா" என்றேன். நம்பாமல்தான் போனார். சிறிது நேரத்தில் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அதன்பின் ஒரு மணி நேரம் அவர் வெளியே வரவில்லை.