சிறுதேரும் ஆற்றுப் பெருக்கும்

நம்முடைய திருநாள்களுள் பெரும்பாலானவை வீட்டுக்குள்ளோ கோயிலுக்குள்ளோ நடப்பவை. அவற்றில் சிறு குழந்தைகளுக்கு உரிய பணி பெரும்பாலும் சும்மா இருப்பதுதான். 'அதைத் தொடாதே', 'இன்னும் படைக்கவில்லை', 'கோலத்தை மிதிக்காதே' என்ற கட்டளைகளுக்கு நடுவே திருநாள் கழிந்துவிடும். ஆடி மாதம் பதினெட்டாம் நாள் அத்தகையதன்று. அன்று சமையலறையே பெயர்ந்து ஆற்றங்கரைக்குச் சென்றுவிடுகிறது. குழந்தைக்கும் அன்று ஒரு வேலை உண்டு. அது தேர் இழுப்பது. திருச்சிராப்பள்ளியில் பிறந்து அங்கேயே முதுமையும் எய்தியவன் நான். என் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு காவிரிக்குப் போய்வந்த இரண்டு ஆடிப் பெருக்குகளைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அந்த நாளின் காரணத்தைத் தெரிந்துகொள்வோம். தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத்தில் மேற்கு மலைத் தொடரை அடைகிறது. குடகு நாட்டில் தலைக்காவிரியில் தோன்றும் ஆறு, ஏமாவதி, கபினி முதலிய துணையாறுகளின் நீரையும் ஏற்றுக்கொண்டு கிழக்கு நோக்கி வருகிறது. மலையில் பெய்த மழை சமவெளியில் பெருக்கெடுக்கும் காலமும், உழவர் விதைக்கத் தொடங்கும் காலமும் ஆடி மாதத்தில் ஒன்றுகூடுகின்றன. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்ற பழமொழி எழுந்ததும் இதனாலேயே. பதினெட்டாம் பெருக்கு ஆகஸ்டு 2 அல்லது 3ஆம் நாளை ஒட்டி வரும். புதுப்புனலைக் கண்டு மகிழ்வது நமக்குப் புதிய வழக்கமும் அன்று; வையை ஆற்றின் புதுப்புனல் விழாவைப் பரிபாடலில் விரிவாகவே காணலாம்.

ஆனால் 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின் இந்தக் கணக்கு சற்று மாறிவிட்டது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நீர் இருப்புப் போதுமானதாக இருந்தால் ஜூன் 12ஆம் நாள் பாசனத்துக்குத் திறப்பது வழக்கம். இருப்பு இல்லையேல் அந்த நாள் தள்ளிப் போகும். ஆகவே இன்று பெருக்கு என்பது மழையின் கணக்கு மட்டுமன்று, மதகின் கணக்கும் ஆகும். பஞ்சாங்கம் மட்டும் எதற்கும் காத்திராமல் ஆடிப் பதினெட்டைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

அன்று விடியற்காலையிலேயே வீட்டில் சித்திரான்னங்கள் தயாராகிவிடும். புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர்ச் சாதம் ஆகியவை அவை. இந்தத் தேர்விலும் ஓர் அறிவு இருக்கிறது. புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த சோறு மாலை வரை கெடாது. தயிர்ச் சாதத்திலோ பாலை மிகுதியாக ஊற்றித் தயிரைச் சிறிதே கலப்பார்கள். நண்பகலில் உண்ணும்போது அது புளிக்காமல் இருக்கும். கரையில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, ஊறவைத்த அரிசியில் வெல்லம் சேர்த்த காப்பரிசி, பழங்கள், காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு ஆகியவற்றை வாழையிலையில் வைத்துப் பெண்கள் காவிரியை வழிபடுவர். புதிதாக மணம் புரிந்தவர்கள் தம் மணமாலைகளை நீரில் விடுவதும் உண்டு.

இவை எல்லாம் பெரியவர்களின் காரியம். குழந்தைகளின் காரியம் சப்பரம். மெல்லிய மரச் சட்டங்களால் ஒரு சிறு கூடு செய்து, வண்ணத்தாள் ஒட்டி, முன்புறம் ஒரு சாமி படம் பதித்து, சக்கரங்கள் பூட்டிக் கயிறு கட்டியிருப்பார்கள். அதை ஆற்றங்கரை வரை இழுத்துச் செல்வது தஞ்சை, திருச்சி வட்டாரத்துப் பிள்ளைகளின் உரிமை. இதற்கும் பழமை உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், உலரும் நெல்லைக் கொத்த வரும் கோழியின்மேல் பெண்கள் எறிந்த பொற்குழை, சிறுவர் உருட்டும் முக்காற் சிறுதேரின் வழியைத் தடுத்ததாக ஒரு காட்சி வருகிறது. பிள்ளைத்தமிழில் ஆண்பாற் பருவங்கள் பத்தில் இறுதியானது சிறுதேர்ப் பருவம். அதை ஆண் குழந்தைக்கு மட்டுமே வைத்த இலக்கணக்காரர்கள் என் பேத்தியைக் கண்டதில்லை!

2017ஆம் ஆண்டில் அவளுக்கு நான்கு வயது. அவ்வாண்டு ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. பெருக்கு நாளில் காவிரி கரைக்குக் கரை மணலாகக் கிடந்தது. சில படித்துறைகளில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாய் வழியே விட்டுச் சடங்கை முடித்தார்கள். நாங்கள் மணலில் இறங்கினோம். சப்பரத்தின் சக்கரங்கள் புதைந்து உருள மறுத்தன. அவள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, "தாத்தா, ஆறு எங்கே?" என்று கேட்டாள்.

குடகையும் பருவமழையையும் மேட்டூரையும் நான் விளக்கத் தொடங்கினேன். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவனுக்கு வேறு என்ன தெரியும்? இரண்டாவது வாக்கியத்திலேயே அவள் கவனம் போய்விட்டது. என் மனைவி ஒன்றும் பேசவில்லை. மணலில் உட்கார்ந்து, தேங்காய் மூடியால் பள்ளம் தோண்ட ஆரம்பித்தாள். பேத்தியும் சேர்ந்துகொண்டாள். முழங்கை ஆழத்தில் மணல் ஈரமாயிற்று. மேலும் ஒரு சாண் தோண்டியதும் பள்ளத்தின் அடியில் நீர் கசிந்து தேங்கியது. மேலே ஓடாத ஆறு மணலுக்குள் ஊறி நிற்பதுண்டு. கோடையில் ஊற்றுத் தோண்டி நீர் எடுத்த தலைமுறைக்கு இது தெரிந்த செய்தி. "இதோ ஆறு, படுத்திருக்கிறது" என்றாள் என் மனைவி. பேத்தி அந்த ஒரு கை நீரில் பூவைப் போட்டாள். காப்பரிசியையும் போடப் போனவளைத் தடுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. என்னுடைய விளக்கம் தவறன்று. ஆனால் நான்கு வயதுக்கு அது விளக்கமாகவில்லை.

அடுத்த ஆண்டு நிலைமை தலைகீழ். 2018 ஜூலையில் மேட்டூர் அணை நிரம்பிற்று. பெருக்கு நாளில் நீர் படிகளைத் தொட்டுச் சுழித்தோடியது. சென்ற ஆண்டு தோண்டிய இடத்தைக் காட்டு என்று அவள் கேட்டாள். "அது நடு ஆற்றில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு மூட்டையை அவிழ்ப்பதற்காக அவள் கையை விட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிராது. படித்துறையின் மேல்தளத்தில் அவள் இழுத்துக்கொண்டிருந்த சப்பரம் விளிம்பு தவறிக் கீழே உருண்டது. கயிற்றைப் பிடித்தபடி அவளும் நான்கு படிகள் இறங்கிவிட்டாள். ஐந்தாவது படி நீருக்குள் இருந்தது. அங்கே விளக்கு விட்டுக்கொண்டிருந்த முன்பின் அறியாத ஓர் அம்மாள், திரும்பிய வேகத்தில் குழந்தையின் பாவாடையைப் பற்றி இழுத்தார். சப்பரம் நீரில் மிதந்து, ஒருமுறை சுற்றி, கிழக்கே போயிற்று. அந்த அம்மாளுக்கு நன்றி சொல்லக்கூட என் நா எழவில்லை. "பிள்ளையைப் பிடிச்சுக்குங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் தம் விளக்கைக் கவனிக்கப் போனார்.

ஆடி நீரின் இயல்பை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். மேற்பரப்பு அமைதியாகத் தோன்றினும் அடியில் இழுப்பு உண்டு. வெள்ளம் மணலை அரித்துச் செல்வதால், நேற்று முழங்கால் ஆழமாக இருந்த இடம் இன்று ஆளை விழுங்கும் மடுவாகலாம். மணல் அள்ளிய குழிகளும் நீருக்கு அடியில் மறைந்திருக்கும். நீரில் மூழ்கிய படிகளில் பாசி வழுக்கும். அதே ஆகஸ்டு 22ஆம் நாள், முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த மேலணையின் ஒன்பது மதகுகளை வெள்ளம் பெயர்த்துக்கொண்டு போயிற்று. ஆர்தர் காட்டன் 1836ஆம் ஆண்டில் அமைத்த அணை அது. கல்லையும் இரும்பையும் பெயர்த்த நீருக்கு ஒரு குழந்தை எம்மாத்திரம்!

அன்று மாலை வீடு திரும்பும்போது அவள் அழவில்லை. சப்பரம் எங்கே போகும் என்று கேட்டாள். கல்லணைக்குப் போகும் என்றேன். அங்கே காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று நீர் பிரிவதைச் சொன்னேன். இந்த முறை முழுவதும் கேட்டாள். தன் தேர் எந்த வழியாகப் போகும் என்பதை அவள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது நடக்கிறது. தம்பிக்கு நான்கு வயது. சென்ற ஆடியில் அவளே சட்டம் அறுத்து, பசை காய்ச்சித் தாள் ஒட்டி அவனுக்குச் சப்பரம் செய்து கொடுத்தாள். கயிறு கட்டும்போது பார்த்தேன். ஒரு முழத்துக்குமேல் விடவில்லை. "இன்னும் நீளமா வேணும்" என்று அவன் அடம் பிடித்தான். "அடுத்த வருஷம்" என்று சொல்லி, கயிற்றின் மறுமுனையைத் தன் விரலில் சுற்றிக்கொண்டாள்.