புகைபோக்கியை எட்டிப் பார்த்ததுண்டா?

செங்கற்பட்டிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் ரயில் பாதையில், பாலாற்றுக்கு அருகே அமைந்த ஊர் வாலாஜாபாத். அவ்வூரிலும், அங்கிருந்து தெற்கே உத்திரமேரூர் வரை உள்ள சிற்றூர்களிலும் பழைய ஓட்டு வீடுகள் இன்னும் உண்டு. அத்தகைய வீடு ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்க வருபவர் என்னென்ன பார்ப்பார்? பத்திரத்தைப் படிப்பார், வில்லங்கச் சான்று கேட்பார், கிணற்றில் தண்ணீர் ஊறுகிறதா என்று பார்ப்பார், உத்தரத்தைத் தட்டிக் கரையான் உண்டா என்று சோதிப்பார். ஆனால், சமையலறை மூலையில் விறகடுப்பின் மேல் நிற்கும் புகைபோக்கியை எட்டிப் பார்ப்பவர் அரிது.

இது சிறிய குறையன்று. பழுதுபட்ட புகைபோக்கி வீட்டைக் கொளுத்தக்கூடும். உறங்குபவர்களின் உயிரையும் பறிக்கக்கூடும். எப்படி என்பதை அறிய, முதலில் புகைபோக்கி எவ்வாறு வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

புகை ஏன் மேலே போகிறது?

புகைபோக்கியில் விசிறி இல்லை. சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. ஆயினும் அது ஓர் இயந்திரமே. அதை இயக்குவது காற்றின் எடை.

காற்று சூடானால் விரியும். விரிந்தால் அதன் அடர்த்தி குறையும். 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.16 கிலோகிராம். அதே அளவு காற்று 130 டிகிரி சூட்டில் இருந்தால் ஏறத்தாழ 0.88 கிலோகிராம்தான். இப்போது ஒரு தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் புகைபோக்கிக்கு உள்ளே நிற்கும் சூடான காற்றுத்தூண். மறு தட்டில் வெளியே அதே உயரத்துக்கு நிற்கும் குளிர்ந்த காற்றுத்தூண். வெளிக்காற்று கனமானது. அது கீழே அழுந்தி, அடுப்பின் வாய் வழியாக உள்ளே புகுந்து, சூடான புகையை மேலே தள்ளுகிறது. இதைத்தான் புகைபோக்கியின் இழுப்பு என்கிறோம்.

இந்த இழுப்பு எவ்வளவு வலியது? 5 மீட்டர் உயரமுள்ள புகைபோக்கிக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 1.4 கிலோகிராம் எடை அளவே வரும். ஒரு தாம்பாளத்தில் 1.4 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் அதன் அடியில் உண்டாகும் அழுத்தம் எவ்வளவோ, அவ்வளவுதான்! இவ்வளவு மெல்லிய விசையை நம்பித்தான் வீட்டுப் புகை முழுவதும் வெளியேறுகிறது. ஆகவே, சிறு தடை ஏற்பட்டாலும் புகை திரும்பிவிடும்.

காலையில் அடுப்பு மூட்டியதும் சற்று நேரம் புகை வீட்டுக்குள் சூழ்வது ஏன் என்பதும் இப்போது விளங்கும். அப்போது புகைபோக்கி குளிர்ந்திருக்கிறது. உள்தூணும் வெளித்தூணும் எடையில் ஏறக்குறையச் சமம். இழுப்பு இன்னும் பிறக்கவில்லை.

கரி எப்படிப் படிகிறது?

விறகு முழுமையாக எரிந்தால் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும்தான் உண்டாகும். ஈர விறகு அவ்வாறு எரிவதில்லை. சூட்டின் ஒரு பகுதி ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது, தணல் மங்குகிறது, எரியாத கார்பன் துகள்களும் தார் போன்ற ஆவிகளும் புகையோடு மேலே செல்கின்றன. புகைபோக்கியின் மேற்பகுதி குளிர்ந்திருப்பதால், குளிர்ந்த செம்பின் மேல் நீர்த்துளி படிவதுபோல இந்த ஆவிகள் சுவரில் படிந்து இறுகுகின்றன. கறுத்துப் பளபளக்கும் இந்தப் படிவுக்குக் கிரியோசோட் என்று பெயர்.

இதனால் இரண்டு கெடுதிகள். முதலாவது, வழி குறுகுகிறது. 10 செ.மீ. விட்டமுள்ள குழாயில் சுற்றிலும் 1 செ.மீ. கனத்துக்குக் கரி படிந்தால், மிஞ்சும் விட்டம் 8 செ.மீ. விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. பரப்பிலோ 36 சதவீதம் போய்விட்டது! வட்டத்தின் பரப்புச் சூத்திரத்தைக் கொண்டு நீங்களே சரிபார்க்கலாம். இரண்டாவது, இந்தப் படிவு எரியக்கூடியது. அடுப்பில் ஒருநாள் தீ ஓங்கி எரியும்போது அது பற்றிக்கொண்டால், புகைபோக்கிக்குள்ளேயே தீ இரைச்சலோடு எழும்; வெப்பம் 1,000 டிகிரியைத் தொடக்கூடும். அந்தச் சூட்டில் செங்கல் பூச்சு வெடிக்கும். வெடிப்பின் வழியே கூரையின் கைமரங்களுக்குத் தீ பரவும்.

கண்ணுக்குத் தெரியாத பகைவன்

புகையைக் கண் எரிச்சலால் அறியலாம். ஆனால், புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. காற்று போதாமல் எரியும் தணலில் இது மிகுதியாக உண்டாகும். நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விட இந்த வாயுவோடு 200 மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் இணையும். இணைந்தால் எளிதில் விடாது. உடல் உறுப்புகளுக்கு ஆக்சிஜன் கிட்டாமல் போகும். தலைவலி, மயக்கம், பிறகு மரணம். உறங்குபவர் விழித்துக்கொள்ளவும் வழியில்லை.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிருக்காகக் கணப்பு அடுப்புகள் வைத்துக் கட்டிய பழைய பங்களாக்கள் பல உண்டு. 1820களில் ஜான் சல்லிவன் உதகமண்டலத்தில் கல் பங்களாவைக் கட்டியது தொடங்கி, அங்கே இவ்வகை வீடுகள் பெருகின. ஆண்டுக்கணக்கில் மூட்டாத கணப்பில், புகைபோக்கி திறந்திருக்கிறதா என்று பாராமல் தீ மூட்டுவது பேராபத்து. மூடிய அறையில் கரியடுப்பு வைத்து உறங்குவதும் அப்படியே.

வெளிப்படையான சாவு மட்டுமன்று. வீட்டுக்குள் சூழும் புகையால் விளையும் நோய்கள் 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 32 இலட்சம் உயிர்களைக் கொண்டுசென்றதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

கட்டிவிட்டால் போதுமா?

சமையலறைப் புகையை ஒழிக்க நம் நாட்டில் நெடுநாளாக முயற்சி நடந்துவருகிறது. தஞ்சாவூரில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா முன்னின்று நடத்திய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் இடமான வார்தா மகன்வாடியில், 1947இல் 'மகன் அடுப்பு' உருவாயிற்று. 1950களில் ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு புகைபோக்கியுடன் கூடிய மண் அடுப்பு ஒன்றை வடிவமைத்தார். 1980களின் நடுவில் மத்திய அரசு தேசிய அளவில் புகையில்லா அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2002இல் அத்திட்டம் முடிவதற்குள் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன.

அவற்றில் பல ஏன் நிலைக்கவில்லை? ஒடிசாவில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் என்னும் மூன்று பொருளியலாளர்கள், புகைபோக்கி வைத்த மண் அடுப்புகளைப் பற்றி ஏறத்தாழ 2,600 குடும்பங்களை நான்காண்டுகள் வரை கவனித்தனர். (இவர்களுள் டுஃப்லோ 2019இல் நோபல் பரிசு பெற்றவர்.) முதலாண்டில் சமைப்பவர்கள் உள்ளிழுக்கும் புகை குறைந்தது. பிறகு அந்தப் பயன் மறைந்துவிட்டது. அடுப்பை முறையாகப் பயன்படுத்தாததும், பழுது பார்த்துப் பேணாததுமே காரணம் என்று அவர்கள் கண்டனர். சோதிக்காத புகைபோக்கி இல்லாத புகைபோக்கிக்குச் சமம் என்பதையே இது காட்டுகிறது.

பிற நாடுகளில்

குளிர் நாடுகளில் புகைபோக்கி துடைப்பது நெடுங்காலத் தொழில். இங்கிலாந்தில் அதற்குச் சிறுவர்களைப் பயன்படுத்திய கொடுமையும் இருந்தது. குறுகிய வழிக்குள் ஏறிக் கரியைச் சுரண்டுவது அவர்கள் வேலை. அத்தொழிலாளருக்கு வரும் ஒருவகைப் புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று 1775இல் பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர் எழுதினார். தொழிலால் வரும் புற்றுநோயை முதன்முதலில் சுட்டிக்காட்டியவர் அவரே. 1875இல் ஜார்ஜ் புரூஸ்டர் என்னும் சிறுவன் கேம்பிரிட்ஜ் அருகே ஒரு மருத்துவமனைப் புகைபோக்கியில் சிக்கி இறந்தான். அவ்வாண்டே வந்த சட்டம் இக்கொடுமைக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

இன்று ஜெர்மனியில் அரசு நியமித்த வட்டாரப் புகைபோக்கி அலுவலர், ஏழு ஆண்டுகளில் இரண்டு முறை வீட்டிலுள்ள அடுப்புகளையும் புகைபோக்கியையும் நேரில் பார்வையிடுகிறார். அமெரிக்காவில் தீப்பாதுகாப்பு நெறிமுறை ஆண்டுதோறும் ஒரு சோதனை வேண்டும் என்கிறது. வீடு கைமாறும்போது அதைவிட விரிவான சோதனை வேண்டும் என்றும், நீண்ட கம்பியின் நுனியில் காமிரா பொருத்தி உட்புறம் முழுவதையும் பார்க்கவேண்டும் என்றும் கூறுகிறது.

என்னென்ன சோதிக்க வேண்டும்?

நம் சமவெளி ஊர்களில் இதற்கெனத் தனித் தொழிலாளர் இல்லை. அனுபவமுள்ள கொத்தனாரோ கட்டடப் பொறியாளரோ கீழ்க்கண்டவற்றைப் பார்த்துச் சொல்ல முடியும்.

1. வழி திறந்திருக்கிறதா? அடுப்பு நன்கு ஆறியபின், கீழேயுள்ள திறப்பில் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால், நேரான புகைபோக்கியில் மேலே வானம் வெளிச்ச வட்டமாகத் தெரியும். மேலே மூடி இருந்தாலும் அதைச் சுற்றி வெளிச்சம் வரவேண்டும். எரிவாயு வந்தபின் பல வீடுகளில் விறகடுப்பு வெந்நீருக்கும் பண்டிகைக்கும் மட்டுமே எரிகிறது. இடைக்காலத்தில் அணிலும் பறவையும் உள்ளே கூடு கட்டியிருக்கலாம்.

2. கரியின் கனம் என்ன? 3 மி.மீ. படிந்திருந்தாலே துடைக்க வேண்டும்.

3. மரத்தோடு ஒட்டியிருக்கிறதா? கைமரமோ சட்டமோ புகைபோக்கியைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஆபத்து. நாள்பட்ட சூட்டில் காய்ந்து கருகிய மரம் எளிதில் தீப்பற்றும். இடையே குறைந்தது 5 செ.மீ. இடைவெளி வேண்டும்.

4. வெடிப்பு உண்டா? சுவரில் பழுப்புக் கறை இருந்தால், அங்கே புகை கசிகிறது என்று பொருள்.

5. உயரம் போதுமா? கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 90 செ.மீ. உயரமும், 3 மீட்டர் தூரத்துக்குள் உள்ள முகட்டை விட 60 செ.மீ. கூடுதல் உயரமும் வேண்டும். இல்லாவிடில் முகட்டைத் தாண்டிச் சுழலும் காற்று புகையைக் கீழே அமுக்கிவிடும்.

6. குழாய் எதனால் ஆனது? பழைய அடுப்புகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் குழாய் இருக்கும். அதை அறுப்பதோ உடைப்பதோ கூடாது. அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கும்.

செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் மெழுகுவத்தியை நிறுத்திக் கொளுத்துங்கள். அரிக்கேன் விளக்கின் கண்ணாடியை, அடியில் இரண்டு நாணயங்கள் வைத்துச் சற்று உயர்த்தி, அதன்மேல் கவிழுங்கள். ஊதுவத்தியைக் கண்ணாடியின் அடி விளிம்பருகே பிடியுங்கள். புகை உள்ளே இழுக்கப்பட்டு மேல் வழியே வெளியேறும். இப்போது ஓர் உலோக மூடியால், இடுக்கியில் பிடித்தபடி, மேல்வாயைப் பாதிக்கு மேல் மூடுங்கள். சுடர் மங்கும், கண்ணாடியில் கரி படியும், ஊதுவத்திப் புகை உள்ளே செல்லத் தயங்கும். முழுதும் மூடினால் சுடர் அணையும். அடைபட்ட புகைபோக்கியின் கதை இதுதான்.

மாணவர்களே! கூரைமேல் ஏறவோ, கரியைச் சுரண்டவோ நீங்கள் முயலவேண்டாம். அது பழகிய பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. ஆனால், கேள்வி கேட்க உங்களால் முடியும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஓடு மாற்றுபவர் வீட்டுக்கு வரும்போது, "புகைபோக்கியையும் பார்த்துவிடுகிறீர்களா?" என்று கேளுங்கள். உறவினர் யாரேனும் பழைய வீடு வாங்கப் போனால், கிணற்றையும் உத்தரத்தையும் பார்ப்பதோடு புகைபோக்கியின் உள்ளேயும் பார்க்கச் சொல்லுங்கள்.