குரங்கின் இமையில் போடும் ஊசி

குடுமியான்மலை, நார்த்தாமலைப் பக்கம் திரியும் நாட்டுக் குரங்குகளைப் புதுக்கோட்டைக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. காட்டில் வாழும் குரங்குக்குக் காசநோய் வருவது மிக அரிது. பிடிபட்டு, மனிதர்களுக்கு நடுவே கூண்டில் வாழத் தொடங்கிய பிறகு, நம் இருமலிலிருந்துதான் அதற்குப் பெரும்பாலும் தொற்றுகிறது. ஆய்வகத்தில் ஒன்றுக்கு வந்தாலே கூட்டம் முழுவதற்கும் ஆபத்து. அதனால்தான் அங்கே குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப டியூபர்குலின் ஊசி போட்டுப் பார்க்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு முன்கையில் போடும் மாண்டூ டெஸ்டின் உறவுதான் அது.

குரங்குக்கு மேல் இமைத் தோலுக்குள் 0.1 மில்லி மருந்து போடுவார்கள். கையில் போட்டால் தடிப்பைப் பார்க்க ஒவ்வொரு முறையும் பிடித்து அடக்க வேண்டும். இமை என்றால் 24, 48, 72 மணி நேரத்தில் கூண்டுக்கு வெளியே நின்றே பார்த்துவிடலாம். வீங்கி, கண் பாதி மூடியிருந்தால் சந்தேகம்.

காசநோய்க் கிருமியை 1882இல் கண்டறிந்த ராபர்ட் கோக், 1890இல் அதன் சாற்றை, அதாவது இந்த டியூபர்குலினை, மருந்தென்று அறிவித்தார். நோய் குணமாகவில்லை, ஆனால் கிருமியை ஏற்கெனவே சந்தித்த உடம்பு அந்தச் சாற்றை அடையாளம் கண்டு எதிர்வினை காட்டியது. அந்த நினைவைச் சுமப்பவை டி செல்கள். அவை ஊசி போட்ட இடத்துக்கு வந்து சேர இரண்டு மூன்று நாள் பிடிக்கிறது. அதனால்தான் மாண்டூவை மறுநாளே பார்த்துப் பயனில்லை. சிவப்பை விட்டுவிட்டு, தடித்த பகுதியை மட்டுமே அளக்க வேண்டும்.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். தடிப்பு வந்தால் நோய் என்று அர்த்தமில்லை. கிருமியோ பிசிஜி தடுப்பூசியோ மண்ணிலும் நீரிலும் வாழும் உறவுக் கிருமிகளோ காரணமாகலாம். தடிப்பு வராவிட்டால் நோயில்லை என்றும் சொல்ல முடியாது. நோய் முற்றிய குரங்கின் இமை சில நேரம் வீங்குவதே இல்லை. எதிர்ப்புச் சக்தி அவ்வளவு ஓய்ந்திருக்கும். ஒரே ஊசியை நம்பி எந்த ஆய்வகமும் குரங்கை உள்ளே விடாது.

தடிப்பு பாதுகாப்புக்கும் சாட்சியில்லை. இதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் மாபெரும் பிசிஜி ஆய்வு தொடங்கியது. தடுப்பூசி போட்டவர்களுக்கு டியூபர்குலின் ஊசியில் தோல் தடித்தது. ஆனால் பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. (கைக்குழந்தைகளை மூளைக் காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து பிசிஜி காக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள்.) 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அதே பிசிஜியை ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தியபோது, 10 குரங்குகளில் 9 நன்கு பாதுகாக்கப்பட்டன. டி செல்கள் நுரையீரலுக்குள்ளேயே பெருமளவில் குடியேறியிருந்தன. மனிதர்களுக்கு இப்படிச் செலுத்தும் முறை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆனாலும் பாதுகாப்பை எங்கே தேட வேண்டும் என்பதை அந்தக் குரங்குகள் காட்டிவிட்டன. அவற்றுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், மாண்டூவில் ஒன்றுமில்லை என்ற சீட்டை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை கேளுங்கள். பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்; சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் உண்டு.