கல்லைத் தொடாதிருப்பதும் மனிதரைத் தொடாதிருப்பதும்

சிலமலையிலிருந்து தேவாரம், கம்பம் வழியே தெற்கே சென்றால் கூடலூருக்கு மேலே, மலைமுகட்டில், மங்கலதேவி கண்ணகி கோட்டம் சிதைந்து நிற்கிறது. 1960களில் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் இதனைக் கண்ணகி கோட்டமென அடையாளங்காட்டினார். தமிழ்நாடு–கேரள எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகப் பகுதியில் இருப்பதால் சித்திரை முழுநிலவு நாளில் மட்டுமே பொதுமக்களுக்கு அனுமதி. அந்த ஒரு பகலில் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள்.

அங்கே ‘சுவரைத் தொடாதீர்கள்’ என்ற குரலைக் கேட்டதும் நம்மில் பலருக்கு உடல் இறுகிவிடுகிறது. அது இயல்பே. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம் முன்னோர் நுழைய 1939 ஜூலை 8 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆயினும் இரண்டு ‘தொடாதே’க்களையும் நாம் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

சாந்துப் பிடிப்பு இல்லாமல் அடுக்கிய கல், தன் எடையாலேயே நிற்கிறது. இடுக்கில் வேர் நுழைந்தால் அடுக்கு நெகிழும். நெகிழ்ந்த சுவரில் படம் எடுக்க ஒருவர் ஏறினால் மேற்கல் சரிந்து கீழே நிற்பவர் மீது விழக்கூடும். கல்வெட்டின்மேல் பூசும் எண்ணெயில் தூசி படிந்து எழுத்து மறையும். கற்பூரச் சூடு மேற்பரப்பைப் பொரியச் செய்யும். சுண்ணாம்பால் பெயர் எழுதுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றைச் செய்பவரின் சாதியைக் கல் கேட்பதில்லை. எனவே, பூசை செய்பவர், அதிகாரி, பார்வையாளர் அனைவரையும் ஒருங்கே கட்டுப்படுத்தும் விதி பாதுகாப்பு விதி. சிலரை மட்டும் விலக்கும் விதி தீண்டாமை. அரசமைப்பின் 17ஆம் பிரிவு அதனை ஒழித்துவிட்டது. பொது வழிபாட்டிடத்தில் பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ நுழையவிடாமல் தடுப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். அப்படி ஒருவர் தடுத்தால் நேரத்தையும் சாட்சிகளையும் குறித்துக்கொண்டு, அங்கேயே பணியிலுள்ள காவல்துறையிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

பளியங்குடி வழியே நடந்து ஏறுவோர் பளியர் பழங்குடியினரின் வாழிடத்தைக் கடந்தே செல்கிறார்கள். அவர்கள் வீட்டு முற்றம் நமக்குக் காட்சிப்பொருள் அன்று. கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. கூட்டமாகச் செல்லுங்கள், தனியே காட்டுக்குள் விலகாதீர்கள், யானை நடமாடும் காடு அது. வெயில் கடுமையாக இருக்கும். காலையிலேயே ஏறி, அறிவித்த நேரத்துக்குள் இறங்கிவிடுங்கள்.

நெகிழிக்கு அங்கே தடை உண்டு. தண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்தில் எடுத்துச் செல்லலாம். திருவிழா முடிந்த மறுநாள் குப்பை பொறுக்க அனுப்பப்படுவோர் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆகவே ஒரு துணிப்பை கூடுதலாக இருக்கட்டும். நம் இலையும் காகிதமும் அதில் நம்மோடே இறங்கட்டும்.