நீரிழிவும் கண்ணும்: மஞ்சள் ஆராய்ச்சி கூறுவது

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்டன. அவற்றின் இறுதிக் காலத்தில் ஒரு டன் பாறையை வெட்டி அரைத்தால் சில கிராம் பொன்னே கிட்டியது. பாறையில் பொன் உண்டென்று அறிவது வேறு. அதனைப் பிரித்தெடுத்து மாற்றுக் காண்பது வேறு. நீரிழிவால் நேரும் கண்நோய்களுக்குத் தாவரப் பொருள்கள் மருந்தாகுமா என்ற கேள்வியும் இத்தகையதே.

இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது கண்வில்லையிலும் அது மிகுகிறது. அங்குள்ள ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்னும் நொதி, அச்சர்க்கரையில் ஒரு பகுதியைச் சார்பிட்டால் என்னும் பொருளாக மாற்றுகிறது. அஃது எளிதில் வெளியேறாது. நீரை ஈர்த்து வில்லையின் இழைகளை வீங்கச் செய்யும். வில்லை மங்கிக் கண்புரை உண்டாகும் வழிகளுள் இஃது ஒன்றாகும். விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதுறுவது மற்றொரு கேடு. அது வலியின்றியே முற்றக்கூடியது.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள், நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு மஞ்சளையும் அதிலுள்ள குர்க்குமினையும் உணவில் கலந்து அளித்தனர். 2005-இல் வெளியான முடிவுகளின்படி, இரத்தச் சர்க்கரை குறையவில்லை. ஆயினும் கண்புரை முற்றுவது தாமதமாயிற்று. இக்குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், காலக்டோஸ் என்னும் சர்க்கரையை ஊட்டி எலிகளுக்குக் கண்புரை உண்டாக்கினர். 100 கிராம் உணவில் 2 மில்லிகிராம் குர்க்குமின் கலந்தபோது புரை தாமதமாயிற்று. 10 மில்லிகிராம் கலந்தபோதோ புரை விரைந்து முற்றிற்று.

இவற்றால் அறியத்தக்கவை இரண்டு. கண்ணுக்கு ஓரளவு துணை செய்யும் பொருள் நீரிழிவைக் கட்டுப்படுத்தும் என்று கொள்ளலாகாது. அளவு கூடினால் நன்மையும் கூடும் என்பதும் தவறு. மேலும், இவை எலிகளில் கண்ட முடிவுகளே. பழுதுற்ற விழித்திரைக்கு இன்று மருத்துவர்கள் அளிப்பவை லேசர் சிகிச்சையும் கண்ணுள் செலுத்தும் ஊசிமருந்துமாகும். மஞ்சள் இவற்றுக்கு ஈடாகாது.

வறண்ட நிலங்களில் மலரும் ஆவாரம்பூவை நீரிழிவுக்குக் கஷாயமாக அருந்தும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வாறு அருந்துவோர் அதனை மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். மாத்திரையுடன் சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மீறித் தாழவும் கூடும். இலைச்சாறு எதனையும் கண்ணில் பிழியலாகாது. அதனால் கருவிழியில் புண் உண்டாகிப் பார்வை கெடலாம்.

களப்பணியாளர் நீரிழிவு உள்ளோர் ஒவ்வொருவரிடமும், விழித்திரைப் பரிசோதனை கடைசியாக எப்போது நடந்தது என்று வினவுதல் நலம். பார்வை தெளிவாக இருப்பினும் ஆண்டுக்கு ஒருமுறை அப்பரிசோதனை தேவை. ஆசிரியர்கள் இதனை மாணவர் வாயிலாக வீட்டிலுள்ள பெரியோர்க்குத் தெரிவிக்கலாம். உரிய காலத்தில் கண்டறிந்தால், நீரிழிவால் நேரும் பார்வையிழப்பைப் பெரும்பாலும் தடுத்தல் இயலும்.