எழுத்துக்கு விலை உண்டா?

வெள்ளி வாங்கும்போது எடையையும் தரத்தையும் பார்க்கிறோம். அதன்மேல் பொறித்த எழுத்துக்கும் சேர்த்து விலை கொடுக்கலாமா? ஐரோப்பிய ஒற்றுமையைக் கொண்டாடி வெளிவந்த வெள்ளிப் பதக்கங்களின் கதை இதற்கு நல்ல விடை தருகிறது.

1957 மார்ச் 25-ல் ஆறு நாடுகள் ரோம் நகரில் ஒப்பந்தம் செய்து பொதுச் சந்தைக்கு அடிகோலின. 1979 மார்ச்சில் ‘எக்யூ’ என்ற பொதுக் கணக்கு அலகு வந்தது. பேரேட்டில் எழுதிய பணம் இது. கடைக் கல்லாவில் விழுந்த பணமன்று.

கையில் பிடிக்க முடியாத அந்தப் பணத்துக்குத் தனியார் நாணயச்சாலைகள் உருவம் கொடுத்தன. காளைமேல் அமர்ந்த யூரோப்பா, பேரரசர் சார்லமேன், பன்னிரண்டு நட்சத்திரங்கள் என அழகாக அச்சிட்டு, ‘எக்யூ’ என்றும் பொறித்தன. பெட்டியும் சான்றிதழும் சேர்த்து விற்றன.

இதே பெயரில் அரசு வெளியிட்டதும் உண்டு. ரோம் ஒப்பந்தத்தின் முப்பதாம் ஆண்டான 1987-ல் பெல்ஜியம் வெளியிட்ட 5 எக்யூ வெள்ளி நாணயம் 22.85 கிராம் எடை, 833 தரம். அதாவது சுத்த வெள்ளி சுமார் 19 கிராம். அது அரசின் நாணயம். தனியார் வெளியிட்டது பதக்கம் மட்டுமே. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. சட்டத்தின்முன் உறவே இல்லை.

1999 ஜனவரி 1-ல் ஒரு எக்யூவுக்கு ஒரு யூரோ என்று கணக்கு மாறியது. வங்கிக் கணக்கிலிருந்த எக்யூ யூரோவானது. பெட்டியிலிருந்த தனியார் பதக்கத்தை மாற்றித் தரும் கடமை எந்த வங்கிக்கும் இல்லை. விற்க வந்தவர் முதலில் நம்பக்கூடியது வெள்ளியின் எடையைத்தான். முலாம் பூசிய பதக்கமாயின் அதுவும் இல்லை. யூரோ நாணயத்தை ஒத்த பதக்கங்களால் மக்கள் ஏமாறாதிருக்க, 2004-ல் ஐரோப்பிய ஒன்றியம் தனி விதிமுறையே கொண்டுவந்தது.

இதில் வெளியிட்டவர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. நல்ல வேலைப்பாட்டுக்குக் கூலி கேட்பது நியாயம். அதை விரும்பி வாங்குவதும் தவறன்று. ஆனால் வாங்குபவர் எதற்குப் பணம் தருகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே நினைவுப் பதக்கம் விற்கும் நம் அன்பர்கள் பில்லில் எடை, தரம், செய்கூலி மூன்றையும் தனித்தனியே எழுதுவோம். பதக்கத்தை நாணயம் என்று சொல்லாதிருப்போம். ‘நாளை இதைத் திரும்பக் கொண்டுவந்தால் என்ன தருவீர்கள்?’ என்று கேட்டால், தயங்காமல் பதில் சொல்வோம். அந்தப் பதிலில்தான் கடையின் பெயர் நிற்கிறது.