நிறுத்தி வைத்த காரில் கண்ணாடி விரிசல்! வாட்ச்மேன் மீது பழி போடும் முன் இதைப் பாருங்கள்

சென்னை,

காலை 9 மணி. ஆபீசுக்கு வந்தவர் காரை வெட்டவெளியில் நிறுத்திவிட்டுப் போகிறார். கண்ணாடி நன்றாக இருக்கிறது. மாலை 5 மணிக்கு வந்து பார்க்கிறார். முன் கண்ணாடியில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல்!

கார் நின்ற இடத்தில் அப்படியே நிற்கிறது. பக்கத்தில் கல் எதுவும் இல்லை. உடனே வாட்ச்மேனுக்கு அழைப்பு போகிறது.

"யாருய்யா அடிச்சது?"

"யாரும் கிட்டவே வரலை சார்."

"பின்னே கண்ணாடி தானா உடையுமா?"

சண்டை முற்றி, வாட்ச்மேனின் சம்பளத்தில் கை வைக்கிற அளவுக்குக் கூடப் போய் விடுகிறது. பக்கத்துத் தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன்களும் தப்புவது இல்லை. "திருஷ்டி பட்டுவிட்டது" என்று எலுமிச்சம்பழம் வாங்கப் போகிறவர்களும் உண்டு.

உண்மையில் பல நேரங்களில் குற்றவாளி, அன்றைக்கு அந்த இடத்திலேயே இருந்தது இல்லை. சில நாட்களுக்கு முன்பு ரோட்டில் தெறித்து வந்த ஒரு சின்னக் கல்தான் அது!

ஜல்லி லாரி

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஜல்லி லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே போகிறவர்களுக்கு 'டிக்' என்ற சத்தம் பழக்கமானது. கண்ணாடியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடுகு அளவுக்கு ஒரு புள்ளி இருக்கும். அதுவும் ரப்பர் ஓரத்தில் பட்டு இருந்தால் கண்ணுக்கே படாது. டிரைவர் மறந்து விடுவார். கண்ணாடி மறப்பது இல்லை.

கண்ணாடியை அழுத்தினால் நன்றாகத் தாங்கும். இழுத்தால் தாங்காது. கடுகுப் புள்ளி இருந்துவிட்டால் இழுவிசை முழுவதும் அந்தப் புள்ளியில் போய்க் குவியும். விரிசல் அங்கே இருந்து ஓட ஆரம்பிக்கும்.

இழுப்பது யார்? நம்ம ஊர் வெயில்தான். கண்ணாடியின் நடுப்பகுதி வெயிலில் சூடாகி விரிகிறது. பிரேமுக்குள் மறைந்து இருக்கும் ஓரப்பகுதி அந்த அளவுக்குச் சூடாவது இல்லை. விரியும் நடுப்பகுதி ஓரத்தை இழுக்கிறது. ஆகவே நின்ற காரிலும் கண்ணாடி விரிசல் விடும். அதுதான் வாட்ச்மேனின் தலையில் விழுகிறது.

கொதிக்கும் காரில் ஏறியதும் ஏ.சி.யை முழு வேகத்தில் வைத்து, காற்றைக் கண்ணாடி மேலேயே திருப்பி விடுகிறார்கள். வெளிப்பக்கம் சூடு, உள்பக்கம் குளிர். வெயிலில் நின்ற காரின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கழுவுவதும் இதே கதைதான். கதவுக் கண்ணாடிகளை இறக்கி உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற்றிவிட்டு, ஏ.சி.யைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் கண்ணாடி பிழைக்கும்.

வேறு காரணங்களும் இருக்கின்றன. கண்ணாடி உட்காரும் தகரம் துருப்பிடித்து மேடு தட்டி இருக்கலாம். விபத்தில் அடிபட்ட காரை டிங்கரிங் செய்தபோது பிரேம் கோணி இருக்கலாம். முன்பு கண்ணாடி மாற்றியவர் ஓரத்தில் கல்லோ, கருவியோ பட விட்டு இருக்கலாம். வைப்பர் ரப்பர் தேய்ந்து, கம்பி கண்ணாடியைச் சுரண்டி இருக்கலாம்.

நகத்தால் சோதனை

வாட்ச்மேன் குற்றவாளியா, இல்லையா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. விரிசல் மேல் நகத்தை மெல்ல ஓட்ட வேண்டும். ஏதாவது ஓர் இடத்தில் நகம் குழியில் மாட்டினால் அது கல் பட்ட இடம். குழிக்குள் அழுக்கு ஏறி இருந்தால் அடி பழசு. கண்ணாடித் தூள் புத்தம் புதிதாகப் பளபளத்தால் மட்டும் அன்றைய அடி என்று சந்தேகிக்கலாம்.

குழியே இல்லை, கோடு கண்ணாடியின் ஓரத்தில் இருந்து நேராக உள்ளே கிளம்பி வந்து இருக்கிறது என்றால், அது அடி அல்ல. சூட்டினாலோ, பிரேம் அழுத்தத்தினாலோ வந்த விரிசல்.

கல் பட்ட புள்ளி சிறியதாக இருக்கும்போதே பசை ஏற்றி அடைத்து விடலாம். அதுவரை தூசியும் தண்ணீரும் போகாமல் ஒரு டேப் ஒட்டி வைக்க வேண்டும். டிரைவரின் கண்ணுக்கு நேராக இருந்தாலோ, விரிசல் ஓரத்தைத் தொட்டு விட்டாலோ கண்ணாடியை மாற்றுவதுதான் வழி.

கடையில் என்ன பார்ப்பது?

முன் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அல்ல. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது. 1903-ல் பிரான்சில் பெனடிக்டஸ் என்ற விஞ்ஞானியின் கையில் இருந்து விழுந்த குடுவை, உள்ளே பசை படிந்து இருந்ததால் சிதறவில்லை. அதில் இருந்து பிறந்த யோசனை இது. கதவுக் கண்ணாடியோ வேறு ரகம். உடைந்தால் கல் உப்பு மாதிரி கொட்டும். பழைய லாரிகளில் முன் கண்ணாடியும் அப்படித்தான் இருந்தது. கல் பட்டால் முழுவதும் வெளுத்துப் போகும். டிரைவர் கையால் குத்தி ஓட்டை போட்டு ரோட்டைப் பார்ப்பார்!

ஆகவே புதுக் கண்ணாடியின் மூலையில் உள்ள முத்திரையைப் படிக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை, 'லாமினேட்டட்' என்ற குறிப்பு இரண்டும் இருக்க வேண்டும். பிறகு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து தலையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்க்க வேண்டும். எதிரே இருக்கும் லைட் கம்பம் பாம்பு மாதிரி நெளிந்தால், அந்தக் கண்ணாடி வேண்டாம். ராத்திரி ஓட்டும்போது தலைவலிதான்.

கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள புது மாடல் கார்களில், மாற்றிய பிறகு கேமராவையும் சரி செய்து தர வேண்டும். இதைப் பேசாமல் ரேட் மட்டும் குறைத்துச் சொல்கிற இடத்தில் உஷாராக இருக்க வேண்டும்.

பழைய காரில் கழற்றிய கண்ணாடியை மலிவாக வாங்கி மாட்டலாமா? ஒட்டிய கண்ணாடியை அறுத்து எடுக்கும்போதே ஓரத்தில் அடி பட்டு இருக்கும். அடுத்த கோடையில் மறுபடியும் வாட்ச்மேனுடன் சண்டை!

பசை காய வேண்டும்

பல கார்களில் பக்கத்து சீட்டு ஏர்பேக் விரியும்போது முன் கண்ணாடியில்தான் முட்டுக் கொடுத்து நிற்கிறது. பசை சரியில்லை என்றால் மோதலில் கண்ணாடியே கழன்று போய்விடும். அதனால் பசை காயும்வரை வண்டியை எடுக்கக் கூடாது. எத்தனை மணி நேரம் என்பது பசையைப் பொறுத்தது. ஒட்டுகிறவரிடமே கேட்டுக் கொள்ள வேண்டும். வாடகைக் கார் ஓட்டுகிறவருக்கு அரை நாள் சவாரி போகும். ஆனாலும் எடுக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க ஒரு கதவுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதும் நல்லது. இல்லாவிட்டால் கதவை 'டமார்' என்று சாத்தும்போது உள்ளே இருக்கும் காற்று பச்சைப் பசையைத் தள்ளி விடும்.

புல் இன்சூரன்ஸ் இருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பது இல்லை. ஆனால் கட்டாயமாகக் கழிக்கும் தொகை கைப்பணம். கிளெய்ம் செய்தால் அடுத்த வருஷ போனசும் போகலாம். ஆகவே இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றும் முன்பே கம்பெனிக்குத் தகவல் சொல்ல வேண்டும். தேர்டு பார்ட்டி மட்டும் வைத்து இருப்பவருக்கு ஒன்றும் கிடையாது.

பழைய கண்ணாடியோடு பாஸ்டேக் ஸ்டிக்கரும் போய்விடும். உரித்து எடுத்துப் புதுக் கண்ணாடியில் ஒட்டினால் வேலை செய்யாது. பாங்கில் புதிய ஸ்டிக்கர் வாங்காமல் கிளம்புகிறவர் டோல்கேட்டில் மாட்டிக் கொள்கிறார்.